முடி வளர்ந்த பின் மீண்டும் வைக்கவும்

1978 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை காலை, மட்டாஞ்சேரி கடைத்தெருவில் உள்ள நியூ பாரத் பார்பர் ஷாப்பில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்த ஒச்சப்பன் என்ற துப்புரவுத் தொழிலாளியின் கழுத்திலிருந்து துணியை அவிழ்த்து எடுத்து, அவரை எழுந்து போகும்படி கடை முதலாளி தங்கப்பன் சொன்னார்.

அவரை முதலில் உட்காரவைத்ததும் தங்கப்பன்தான். அன்று ஒச்சப்பன் காக்கி உடுப்பில் இல்லை. வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியுமாக இருந்தார். வேலை செய்யும் இடத்தில் புதிய அடையாள அட்டை கொடுக்கிறார்கள், அதற்குப் போட்டோ வேண்டும், போட்டோவில் காதும் நெற்றியும் தெரிய வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். ஸ்டூடியோவும் சலூனும் ஒரே வரிசையில் இருந்தன. தங்கப்பன் துணி கட்டி, தலையில் தண்ணீர் தெளித்து, சீப்பை வைத்த பிறகுதான் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். இது நம்முடைய சந்தில் மல வாளி எடுக்க வந்துகொண்டிருந்த ஆள் அல்லவா என்று மலையாளத்தில் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. மற்றவர்களும் பேப்பரை இறக்கினார்கள். தங்கப்பன் கத்தரியைக் கீழே வைத்தார்.

ஈரத் தலையோடு தெருவில் இறங்கியபோது ஒச்சப்பனுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. நாற்காலியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலையே அவர் சந்தனமாரியைத் தேடிப் போனார். சந்தனமாரி ஒச்சப்பன் குடியிருந்த துப்புரவுத் தொழிலாளர் காலனியிலேயே பிறந்தவள். அவளுடைய அப்பாவும் ஒச்சப்பனும் பல வருஷம் ஒரே வண்டியைத் தள்ளியவர்கள். பத்தாம் வகுப்பு முடித்து, டைப் படித்து, இப்போது படகுத்துறைக்குப் பக்கத்தில் ஓர் அரிசிக் கிட்டங்கியின் மாடியில் இயங்கிய அரசு அலுவலகத்தில் அவள் குமாஸ்தா. தீண்டாமைச் சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு திறந்த புகார்ப் பிரிவு அது. தோட்டி வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் புகார்களைத் தமிழில் கேட்டு மலையாளத்தில் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. சந்தனமாரிக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வருவது மலையாளம். அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று அதிகாரி வெங்கிடராமன் அவளைத் தேர்ந்தெடுத்தார்.

ஒச்சப்பன் நடந்ததைச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். கடைசியில் என்ன வேண்டும் என்று போட வேண்டும், அது அந்தத் தாளின் வழக்கம். தங்கப்பனை ஜெயிலில் போடவா, மன்னிப்புக் கேட்கச் சொல்லவா என்று கேட்டாள்.

“அதெல்லாம் எனக்கு எதுக்கு மாரி? எனக்கு வேண்டியது ஒண்ணுதான். நான் காசைக் கையில வச்சுக்கிட்டு தனியாளாப் போறேன். என்னை உக்கார வச்சு வெட்டி விடணும். அதை எழுது.”

அவள் அப்படியே எழுதினாள்.

அந்த அலுவலகத்துக்கென்று ஒரு நடைமுறை இருந்தது. சட்டத்தில் அது கிடையாது. வெங்கிடராமன் கண்டுபிடித்தது. பாலக்காட்டுக்காரர். கை சுத்தமானவர், ஒரு சாயாகூட ஓசியில் குடிக்காதவர், காலனி வீடுகளில் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தவர். அதனால்தான் அவர்மேல் யாரும் எளிதில் குறை சொல்ல முடியவில்லை. ஒரு புகார் வந்தால், எதிராளிக்கு நாள் குறித்து நோட்டீஸ் போகும். அந்த நாளில் அதிகாரியே புகார் கொடுத்தவரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போவார். கிணறு என்றால் ஒரு வாளி இறைக்கச் சொல்வார். சாயாக் கடை என்றால் எல்லோரும் குடிக்கும் கிளாஸில் ஒரு சாயா கொடுக்கச் சொல்வார். கொடுப்பார்கள். குடித்து முடித்ததும் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். சமரசம் என்று எழுதி ஃபைல் மூடப்படும். போலீஸுக்கு எதுவும் போகாது. அலுவலகத்தில் இதற்கு ‘நடத்திக் காட்டல்’ என்று பெயர். மேலதிகாரிகள் இதைப் பாராட்டிக் கடிதம் எழுதியிருந்தார்கள்.

சந்தனமாரி வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கும் அது பெருமையாக இருந்தது. கண்ணெதிரே சாயா கொடுக்கிறான், கண்ணெதிரே குடிக்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தாள்.

விசாரணை ஆகஸ்ட் 28 என்று நோட்டீஸ் போயிற்று. அதற்கு முந்தின வாரம் அவள் ஒச்சப்பனிடம், ஆபீஸுக்கு வரும்போது நல்லபடியாக வாருங்கள் மாமா என்று சொல்லிவைத்தாள். காக்கியோடு வந்தால் சலூன்காரன் அதையே ஒரு சாக்காகச் சொல்லிவிடுவான் என்று அவளுக்குப் பயம்.

ஒச்சப்பன் நல்லபடியாகத்தான் வந்தார். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, காலனியில் எல்லோருக்கும் முடி வெட்டுகிற பாலையாவிடம் குழாயடியில் உட்கார்ந்து, தலையை ஒட்ட வெட்டி, முகத்தை மழித்து, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தார். அதிகாரி முன்னால் போய் நிற்கிற மனிதன், பல வருஷமாகக் காலை மஸ்டர் வரிசையில் நின்று பழகிய மனிதன், பரட்டைத் தலையோடு எப்படி வருவார்? அவருக்கு அது தோன்றவே இல்லை. சந்தனமாரிக்கும் தோன்றவில்லை. வாசலில் அவரைப் பார்த்தபோது, மாமா இன்று பார்க்க நன்றாக இருக்கிறாரே என்றுதான் நினைத்தாள்.

வெங்கிடராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஏம்ப்பா, முடி வெட்டமாட்டேங்கறான்னு ஆவலாதி குடுத்தது நீதானே?”

“ஆமா சாமி.”

“தலையில வெட்டறதுக்கு என்ன இருக்கு? அங்க கொண்டுபோய் உக்காத்தி வச்சு அவன் என்ன பண்ணுவான், தடவிக் குடுப்பானா?”

பியூன் முகமது இஸ்மாயில் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். ஒச்சப்பன் தன் தலையைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் மாறியதைச் சந்தனமாரி பார்த்தாள். அவமானப்பட்டது தங்கப்பன் கடையில் ஒரு முறை, இங்கே இரண்டாவது முறை.

அவள் எழுந்து நின்று சொன்னாள். கடையில் மறுத்தது பதினோராம் தேதி. குற்றம் அன்றைக்கே நடந்து முடிந்துவிட்டது. இன்று தலையில் முடி இருக்கிறதா இல்லையா என்பது சட்டத்துக்கு வேண்டாத விஷயம். இதை இப்படியே போலீஸுக்கு அனுப்பலாம்.

வெங்கிடராமன் கோபப்படவில்லை. அவர் ஒருபோதும் கோபப்பட்டதில்லை. “சட்டம் எனக்கும் தெரியும் கொழந்தே. கேஸ் போட்டா கோர்ட்டுக்கு நடந்து நடந்து இவனுக்குக் கால் தேயும். அவன் கடையைப் பூட்டுவான். ரெண்டு ஜாதிக்கும் ஜென்மப் பகையாகும். நாம முறிக்க வந்தவா இல்லை, சேர்த்துவைக்க வந்தவாளாக்கும்.” பிறகு ஃபைலை இழுத்து ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். முடி வளர்ந்த பின் மீண்டும் வைக்கவும்.

அந்த வரியை அன்று மாலைக்குள் அந்த மாடியில் எல்லோரும் வாசித்துவிட்டார்கள். சர்க்கார் ஃபைல் ஒன்று மனிதன் தலையில் முடி வளரக் காத்துக்கிடப்பதை இஸ்மாயில் படகுத்துறை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். சந்தனமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபைலை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மற்றவர்களைவிட அவளுக்குத் தன்மேல்தான் எரிச்சல். நல்லபடியாக வரச் சொன்னது அவள்தானே.

ஓணம் வந்து போயிற்று. ஒச்சப்பன் முடி வெட்டவில்லை, மழிக்கவும் இல்லை. பாலையா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கத்தரியோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். சபரிமலைக்கு மாலை போட்டாச்சா, இந்த வருஷம் சீக்கிரம் போல என்று மேஸ்திரி மஸ்டரில் கேட்டார். தலையில் புழுதியும் வேர்வையும் சேர்ந்து அரித்தது. ராமாத்தாள், அவருடைய மனைவி, இந்த வழக்கு முடிகிறவரை தலையணை உறையைத் துவைத்துத் துவைத்தே தன் கை போய்விடும் என்று திட்டினாள். அடையாள அட்டைக்குப் போட்டோ கொடுக்காத ஒரே ஆள் அவர்தான் என்று இரண்டு முறை எச்சரிக்கை வந்தது.

இதற்கிடையில் தங்கப்பன் ஒரு நாள் மாடியேறி வந்தார். கையில் வெற்றிலைப் பொட்டலம். வெங்கிடராமன் அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். தங்கப்பனும் தமிழ் வழிதான். தாத்தா தோவாளைப் பக்கத்திலிருந்து கத்திப் பையோடு வந்தவர். அவர் சொன்ன யோசனை சுருக்கமானது. செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. முன்கதவு அடைத்திருக்கும். பின்பக்கச் சந்து வழியாக ஒச்சப்பன் வந்தால், யாருக்கும் தெரியாமல் அவரே வெட்டிவிடுவார். காசும் வேண்டாம். மாதா மாதம் வரலாம்.

இது பெரிய மனசு என்று வெங்கிடராமன் சொன்னார். உண்மையாகவே நெகிழ்ந்துபோனார்.

படி இறங்கும்போது தங்கப்பன் சந்தனமாரியின் மேசை அருகே நின்றார். “மோளே, நீ என்னை முறைக்காதே. நானும் பெரிய தறவாட்டுக்காரன் இல்லை. என்னையும் கல்யாண வீட்டுல முன்வாசல்ல ஏத்தமாட்டாங்க. ஆனா அவனை ஒரு நாள் கசேரில உக்காத்துனா மறுநாள் என் கடைக்கு ஈ வராது. ஆளுக வராமப் போனா நீ சோறு போடுவியா?”

“வரமாட்டேன்னு சொன்ன ஆளுக பேரைச் சொல்லுங்க. அவங்க மேலயும் எழுதுறேன்.”

தங்கப்பன் கொண்டுவந்த வெற்றிலைப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டார். பிறகு இறங்கிப் போனார். பேரைச் சொல்லவில்லை.

அவர் போன பிறகு அவள் மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டியது. ஊரில் எல்லோரும் அடுத்தவனைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். கடைசியில் காட்டுவதற்கு யாரும் இல்லாமல் நிற்பது ஒச்சப்பன் மட்டும். அவளுடைய அலமாரியில் மூடிக்கிடந்த ஃபைல்களை அன்று முதல் முறையாக வேறு மாதிரி பார்த்தாள். வாளி இறைத்த கிணறுகள், கிளாஸ் கொடுத்த கடைகள். அதில் ஒரு கடை பாலையாவின் தம்பி புகார் கொடுத்தது. அன்று மாலை போகிற வழியில் அவனிடம் கேட்டாள். இப்போது அங்கே சாயா குடிக்கிறாயா என்று.

“சார் வந்த அன்னிக்குக் குடிச்சேன்” என்றான் அவன்.

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் சார் வரலையே.”

அக்டோபர் நடுவில் மறுவிசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் அவள் ஒச்சப்பன் வீட்டுக்குப் போய் நிலைமையை உடைத்துச் சொன்னாள். அங்கே போய் உட்கார்ந்து வெட்டிக்கொண்டால் ஃபைல் மூடிவிடும், அடுத்த மாதம் மறுபடி விரட்டுவான். உட்கார மாட்டேன் என்றால், புகார்தாரர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதி மூடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் முடிவு அதுதான். தனக்கு வழி தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

ஒச்சப்பன் தாடியைச் சொறிந்துகொண்டே கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். வெட்டி முடிகிறவரை அதிகாரி அங்கேயே நிற்பாரா, இல்லை பாதியில் போய்விடுவாரா?

முடிகிறவரை நிற்பார் என்று அவள் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை நான்கு பேரும் கடைத்தெருவில் நடந்து போனார்கள். முன்னால் வெங்கிடராமன் குடையோடு, அடுத்து ஒச்சப்பன், பின்னால் சந்தனமாரியும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு இஸ்மாயிலும். கிட்டங்கிகளின் முன்னால் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடையில் கூட்டமே இல்லை. பெஞ்ச் காலியாக இருந்தது. நோட்டீஸ் வந்த நாளிலேயே தெருவுக்கெல்லாம் தெரிந்திருக்கும்.

தங்கப்பன் தயாராக இருந்தார். பெட்டி மடிப்புக் கலையாத புதுத் துணி. கண்ணாடி முன்னால் வழக்கமான கத்தரிகளும் சீப்புகளும் வரிசையாக இருந்தன. அவற்றைத் தொடாமல், கீழேயிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதில் ஒரு புதிய கத்தரி, புதிய சீப்பு.

“பாத்தியா கொழந்தே, இவனுக்காகப் புதுசா வாங்கியிருக்கான்” என்று வெங்கிடராமன் மெதுவாகச் சொன்னார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது.

சந்தனமாரி இஸ்மாயிலைப் பார்த்தாள். இஸ்மாயில் தரையைப் பார்த்தார். இந்தக் கத்தரி இனி வேறு எந்தத் தலையிலும் படாது, இன்று சாயங்காலமே குப்பைக்குப் போகும் என்று அந்த இருவருக்கும் தெரிந்திருந்தது. அதிகாரிக்குத் தெரியவில்லை. அவர் பாசாங்கு செய்யவில்லை, மெய்யாகவே தெரியவில்லை. இத்தனை மாதமாக இத்தனை கடைகளில் நின்றும் ஒரு மனிதருக்கு இது தெரியாமல் இருக்க முடியுமா என்று கேட்க அவளுக்குத் தோன்றியது. இஸ்மாயிலிடமிருந்து ஃபைலை வாங்கிக்கொண்டாள்.

ஒச்சப்பன் உட்கார்ந்தார். தங்கப்பன் வேகமாக வெட்டினார். வலது காதுக்கு மேலிருந்து ஆரம்பித்து உச்சி வரைக்கும் வந்தார். கொத்துக் கொத்தாக முடி விழுந்தது. வலது பக்கம் முடிந்து, தலையை மறுபக்கம் திருப்ப அவர் கை வைத்தபோது ஒச்சப்பன் தன் கையைத் தூக்கினார்.

“போதும்.”

தங்கப்பன் நின்றார். ஒச்சப்பன் கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்து, முடியை உதறி, மடித்து நாற்காலி முதுகில் போட்டார். எழுந்தார். ஒரு பக்கம் ஒட்ட வெட்டிய தலை. இன்னொரு பக்கம் காதை மூடித் தொங்கிய முடி. கண்ணாடியில் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“மிச்சத்தைப் புதன்கிழமை வந்து வெட்டிக்கிறேன். நாளைக்கு உங்களுக்கு லீவு.”

“இதென்ன பைத்தியக்காரத்தனம்? உக்காருப்பா” என்றார் வெங்கிடராமன்.

“உக்காந்தாச்சு சாமி. நீங்க கூட வந்ததால உக்கார வச்சாரு. புதன்கிழமை நான் தனியா வாறேன். அன்னிக்கு இந்தப் பாதியை வெட்டினாருன்னா நானே வந்து கையெழுத்துப் போட்டுத் தாறேன். எழுதின தாள்ல நான் கேட்டது அதுதானே?”

அதிகாரி சந்தனமாரியிடம் திரும்பினார். சேவை அளிக்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். அவள் பேனாவைத் திறந்தாள்.

“பாதி அளிக்கப்பட்டதுன்னு எழுதட்டுமா சார்?”

அவள் கேட்ட தொனியில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வெங்கிடராமன் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அந்தத் தலையோடு ஒச்சப்பன் இரண்டு நாள் வேலை செய்தார். அரிசிக் கடைகளின் முன்னால் கூட்டினார், மீன் சந்தையில் வண்டி தள்ளினார். சிரிக்காதவர் இல்லை. ஒரு கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்த பழைய தொப்பியை அவர் வாங்கவில்லை. எந்தக் கடையில் இப்படி அழகாக வெட்டினார்கள் என்று கிண்டலாகக் கேட்டவர்களுக்கெல்லாம் கடையின் பெயரைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் அந்தப் பெயர் கடைத்தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. ராமாத்தாள் இரண்டு நாளும் குழாயடிக்குப் போகவில்லை.

புதன்கிழமை சந்தனமாரி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். இஸ்மாயில் லீவு எழுதாமலே கூட வந்தார். இருவரும் சலூனுக்கு எதிரே ஒரு சுக்குக் கடை வாசலில் நின்றார்கள். கடையில் பெஞ்ச் நிறைய ஆட்கள். ஒச்சப்பன் படியேறினார். அவரைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் காலை அகட்டி உட்கார்ந்துகொண்டார்கள். அவர் சுவரோரம் நின்றார். தங்கப்பன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்று ஒழிவில்லை என்று மட்டும் சொன்னார். காத்திருக்கிறேன் என்று ஒச்சப்பன் சொன்னது தெருவுக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

அவருக்கு முன்னால் வந்தவர்கள் வெட்டிக்கொண்டு போனார்கள். பின்னால் வந்தவர்களும் வெட்டிக்கொண்டு போனார்கள். அலுவலகத்துக்கு அவசரமாகப் போகிற ஒருவர் உள்ளே வந்து நேராக நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கப்பன் அவருக்குத் துணி கட்டினார். ஒச்சப்பன் நின்றுகொண்டே இருந்தார். மத்தியானச் சங்கு ஊதிய பிறகு நாற்காலி காலியாயிற்று. பெஞ்சில் இரண்டு பேர் சும்மா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒச்சப்பன் நாற்காலியை நோக்கி ஓர் அடி வைத்தார். தங்கப்பன் குறுக்கே வந்து நின்று, பெஞ்சுக்குக் கேட்காத குரலில் ஏதோ சொன்னார். பிறகு அவரைத் தோளில் தொடாமல், கையை மட்டும் வாசல் பக்கம் நீட்டினார்.

ஒச்சப்பன் இறங்கி வந்தார்.

“என்ன சொன்னான் மாமா?”

“பிள்ளைக் குட்டிக்காரன், செவ்வாய்க்கிழமை பின்னால வான்னு சொன்னான்.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: “நானும் பிள்ளைக் குட்டிக்காரன்தானே மாரி.”

நேரே மாடிக்குப் போனார்கள். வெங்கிடராமன் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார். ஒச்சப்பன் அவர் மேசை முன்னால் தலையைக் குனிந்து காட்டினார். அதிகாரி பார்வையைத் திருப்பினார். சந்தனமாரி நின்றபடியே இரண்டாவது புகாரை எழுதினாள். சாட்சிகள் என்ற இடத்தில் தன் பெயரையும் இஸ்மாயிலின் பெயரையும் எழுதினாள். இஸ்மாயிலுக்கு ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தது. அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வெங்கிடராமன் படித்தார். “நீ இந்த ஆபீஸ் ஸ்டாஃபா, காலனிக்காரியா?”

“ரெண்டும்தான் சார். ரெண்டுக்கும் சேர்த்துத்தானே எனக்கு வேலை குடுத்தீங்க?”

“இப்படியே நீயும் நானும் சேர்ந்து எத்தனை கடையில சாயா குடிக்க வச்சோம், எத்தனை கிணத்துல தண்ணி எடுக்க வச்சோம். ஒரு அடிதடி உண்டா? ஒரு ரத்தம் உண்டா? எல்லாத்தையும் இந்த ஒரு தலைக்காகப் பாழாக்கணுமா?”

அவள் குரல் உயர்ந்தது. அந்த அலுவலகத்தில் அது முதல் தடவை. “நீங்க பக்கத்துல நின்ன அன்னிக்கு எல்லாரும் குடிச்சாங்க சார். மறுநாள் குடுத்தானான்னு நம்மள்ல ஒருத்தர் போய்ப் பார்த்தோமா? நானும் பார்க்கலை. சமரசம்னு நான்தான் டைப் அடிச்சேன், ஒண்ணு விடாம அடிச்சேன். அந்தக் கடைக்காரனுகளுக்குத் தெரியும், இந்த ஆபீஸ் ஒரு நாள்தான் வரும்னு. ஒரு நாள் பொறுத்துக்கிட்டாப் போதும். மத்த நாளெல்லாம் அவங்களோடது. நாம அவங்களுக்குக் குடுத்தது சர்டிஃபிகேட்டு சார். இங்க அப்படி ஒண்ணும் இல்லைன்னு சர்க்கார் சீல் வச்ச சர்டிஃபிகேட்டு.”

வெங்கிடராமன் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. இந்தத் தாளைப் போலீஸுக்கு அனுப்பக் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டாள். யோசிக்க வேண்டும் என்றார் அவர். மேலே கேட்க வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றார். இரண்டு வாரத்தில் வெட்டிய பாதி வளர்ந்து அடையாளம் மங்கிவிடும் என்று அவருக்குத் தெரியாதா, தெரிந்துதான் சொன்னாரா என்று அவளுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளவும் அவளுக்கு விருப்பம் இல்லை.

தாளை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். ஒச்சப்பனும் இஸ்மாயிலும் பின்னால் வந்தார்கள். ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர். முதலில் சிரித்தார். பிறகு ஒச்சப்பனைத் திரும்பி நிற்கச் சொன்னார், மறுபடி முன்னால் திரும்பச் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்டூடியோக்காரரை வரவழைத்து இரண்டு பக்கமும் படம் எடுக்கச் சொன்னார். அன்று மாலை தங்கப்பன்மேல் வழக்குப் பதிவாயிற்று.

அடுத்த மாதம் சந்தனமாரியைத் தொலைவில், வடக்கே மலபார் பக்கம், காஞ்ஞங்காட்டுக்கு மாற்றினார்கள். காரணம் நிர்வாகத் தேவை என்று இருந்தது. சாட்சி சொல்ல அவள் இரண்டு முறை ரயிலேறி வந்தாள். முதல் முறை மாஜிஸ்திரேட் விடுமுறை. இரண்டாவது முறை அவளைக் குறுக்கு விசாரணை செய்த வக்கீல், புகார்தாரருக்கு நீங்கள் என்ன உறவு என்பதை மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்டார்.

1980 நவம்பரில் தீர்ப்பு வந்தது. புதன்கிழமை கடையில் நல்ல நெரிசல் என்று பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். திங்கட்கிழமை சலூன்காரர் மனமுவந்து முடி வெட்டினார் என்றும், புகார்தாரர்தான் பாதியில் எழுந்து போனார் என்றும் வெங்கிடராமன் சாட்சி சொன்னார். ஆகஸ்ட் பதினோராம் தேதி நடந்ததற்கு, சாட்சி சொல்லக் கடைத்தெருவிலிருந்து யாரும் வரவில்லை. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று தங்கப்பனை விடுதலை செய்தார்கள். அரசுத் தரப்பில் மேல்முறையீடு செய்யப்படவில்லை.